பண்டகசாலை ஊரில் சாட்சி யார்?

உன் கதையை வாசித்தபோது வீட்டில் இருந்தவர்கள்: வாசித்த நான், திரைக்கு அந்தப் பக்கம், கடைப்பக்கமாக உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த உன் அத்தா, அத்தாவின் அக்கா ஜுலைகா மாமி, பக்கத்து வீட்டு மைமூன் அக்கா, போன பெருநாளுக்குப் பிறகு அவுங்க வீட்டுக்கு மருமகளாக வந்த சபியா, எதிர்வீட்டுக் கம்பவுண்டரின் சம்சாரம் கோகிலா. பூனையும் இருந்தது, பாதியில் எழுந்து போய்விட்டது. ஒரு காரியம் நடந்தால் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று குறித்துவைப்பது என் பழக்கம், உனக்கே தெரியும். நீகூட அதைக் கிண்டல் செய்வாய். இந்தத் தடவை அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

நீ அண்ணாமலை நகரிலிருந்து அனுப்பிய கவர் புதன்கிழமை வந்தது. உள்ளே தடித்த கதையும் மெலிந்த கடிதமும் இருந்தன. கடிதத்தில் மூன்றே சங்கதி. மாணவர் மலருக்காக எழுதியது. முடிவு யாருக்கும் பிடிக்கவில்லை, உனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழி தெரியவில்லை. பினாங்கு மாமா எந்தக் கப்பலில் வருகிறார்கள் என்று ஒரு கேள்வி. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒன்றும் இல்லை. மறுநாள் வியாழக்கிழமை. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு நம் வீட்டில் பெண்கள் கூடிக் கிஸ்ஸா வாசிக்கிற நாள். வழக்கமான கிஸ்ஸாக் கதைப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, இன்றைக்கு என் பிள்ளை எழுதினதை வாசிக்கிறேன் என்றேன். ஜுலைகா மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "இதுல அழுவணுமா, சிரிக்கணுமா? முன்னாடியே சொல்லிடு" என்றாள். தெரியாது என்றேன். எனக்கும் அப்போது தெரியாதுதான்.

உன் கதையில் வெள்ளம் வந்து அழிந்த ஊர் ஒன்று. வெள்ளம் வடிந்ததும் பண்டகசாலைக்காரர்கள் படகில் அரிசி கொண்டுவருகிறார்கள். பசித்தவர்கள் வாங்கித் தின்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் பண்டகசாலையைத் தவிர வேறு கடை இல்லை, வேறு வேலை இல்லை, சீட்டு இல்லாமல் பாலத்தைத் தாண்ட முடியாது. கூலிக்குக் காசு கிடையாது, தகர வில்லைதான். அந்த வில்லையும் மாதக் கடைசியில் செல்லாமல் போகும். பிள்ளை பிறந்ததும் தொட்டில் துணியிலிருந்து கணக்கு ஏற ஆரம்பிக்கும். பதினாறு வயதில் பெரிய கூடத்துக்கு அழைத்து, உனக்கு இவ்வளவு செலவாகியிருக்கிறது, இன்ன வேலை, இத்தனை காலம் என்று வாசித்துக் காட்டிப் பெருவிரல் ரேகை வாங்குவார்கள். நான் ஜின் கதை கேட்டிருக்கிறேன், ராஜா கதை கேட்டிருக்கிறேன். இல்லாத ஊரை, நாளைக்கு வந்துவிடுமோ என்று பயப்படும்படி எழுதுகிற கதையை இப்போதுதான் பார்க்கிறேன். இளவட்டங்கள் இதை விரும்பிப் படிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். இளவட்டம் இல்லாதவர்களும் காலை மடக்கி உட்கார்ந்து கேட்டோம்.

முதல் தகராறு பேரில் வந்தது. கதை நாயகியான பெண்ணுக்கு நீ பேர் வைக்காமல் எண் வைத்திருந்தாய். பண்டகசாலை அப்படித்தான் கூப்பிடும் என்பது உன் யோசனை, புரிகிறது. ஆனால் மைமூன் அக்கா இரண்டு பக்கம் பொறுத்துவிட்டு, "இந்தா, பெத்தவ என்னான்னு கூப்பிடுவா? அவளும் நம்பர் சொல்லியா சோறு ஊட்டினா?" என்று கேட்டாள். நூர்ஜஹான் என்று வைக்கலாம் என்றாள். கோகிலா, "அதெப்படி, அந்த ஊர்ல எங்க ஜனம் இல்லையா, செல்வின்னு வையுங்க" என்றாள். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக முத்து என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு எண் வந்த இடத்திலெல்லாம் நான் முத்து என்றே வாசித்தேன். பேர் வைத்தது தப்பாய்ப் போயிற்று என்று கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது. எண் என்றால் அவர்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

உன் ஊரை நாங்கள் சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை. அதில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினோம். வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு அது ஒரு வியாதி. எந்தக் கணக்கைப் பார்த்தாலும், இது எங்கே இடிக்கும் என்றுதான் முதலில் தோன்றும். மாதக் கடைசியில் செத்துப்போகிற வில்லையைப் பற்றி வாசித்ததும் நான் நிறுத்திவிட்டேன். ஒரு வருஷம் கையில் நின்ற பணத்திலிருந்துதானே ஏழைகளுக்கு ஜகாத் கொடுக்க வேண்டும். உன் ஊரில் எந்தப் பணமும் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. அப்படியென்றால் அங்கே யார்மேலும் ஜகாத் கடமையாகாது. கொடுக்க நினைத்தாலும் கையில் ஒன்றும் நிற்காது. வாங்குகிற சுதந்திரம் போய்விட்டது என்று நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கொடுக்கிற சுதந்திரம் போனதை நீ எழுதவே இல்லை. யோசித்துச் செய்தாயா, தானாக வந்து விழுந்ததா? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எனக்கென்னவோ, அந்த ஊரில் நான் இருந்தால் பசியைவிட அதுதான் என்னை முதலில் உடைத்திருக்கும்.

கோகிலா ஒரு வழி சொன்னாள். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்போமே, அந்தப் பிடி எந்த வில்லைக் கணக்கிலும் வராது, பத்து வீட்டுப் பிடி சேர்ந்தால் பாலத்துக் காவல்காரனையே வளைத்துவிடலாம் என்றாள். நல்ல யோசனைதான். மேலே வாசித்தால், அந்த ஊரில் வீட்டுக்கு வீடு அடுப்பே இல்லை; பொதுக்கூடத்தில் தட்டு ஏந்திச் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சாம்பாரில் மிதக்கிற மூன்று துண்டு முள்ளங்கியைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். திரைக்கு அந்தப் பக்கமிருந்து உன் அத்தா, "இது அவன் ஹாஸ்டல் மெஸ்ஸுதான், எனக்குத் தெரியும்" என்றார். பாலத்துக் காவல்காரனை ஜுலைகா மாமி அடையாளம் கண்டுபிடித்தாள். கொள்ளிடம் பாலத்துச் செக்போஸ்டில் கடத்தல் அரிசி இருக்கிறதா என்று அவளுடைய தலையணையைக் கம்பியால் குத்திப் பார்த்தவன்தான் அவன் என்று சத்தியம் செய்தாள். "பஞ்சு பறந்துச்சு பாரு, ரயிலடி வரைக்கும் தும்மிக்கினே வந்தேன். அவனேதான் இவன்." இல்லாத ஊர் என்று நினைத்து எழுதினாய், இவர்கள் ஆளாளுக்கு அதில் தெரிந்தவர்களைப் பார்க்கிறார்கள். அத்தா மட்டும் தன் தொழிலை விடாமல், அந்த ஊருக்குச் சைக்கிளை வாடகைக்கு விட்டால் திரும்பி வருமா என்று கேட்டார்.

பிறகு கூடத்தில் நடக்கிற பகுதி வந்தது. முத்துவுக்குப் பதினாறு முடிந்து அவளைக் கூப்பிடுகிறார்கள். கணக்கு வாசிக்கிறார்கள். அவள் நிற்கிறாள். பெருவிரலைப் பிடித்து மையில் வைத்து அழுத்துகிறார்கள். நான் இதை வாசித்ததும் மைமூன் அக்கா, "இரு, இரு" என்று கையைக் காட்டினாள். "வக்கீல் யாரு?" என்றாள். எந்த வக்கீல் என்று கேட்டேன். "பொண்ணுகிட்ட வந்து சம்மதமான்னு கேக்குற வக்கீல். ரெண்டு சாட்சி யாரு? அவ பக்கத்து ஆளு யாரு இருந்தா? ஒண்ணுமே எழுதலியே உம் புள்ள." இது நிக்காஹ் இல்லை அக்கா, வேலைக்கான ஒப்பந்தம் என்றேன். "ஒப்பந்தம்னா? ஒரு ஆயுசுக்கு ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கிறதுதானே? கேக்காம எப்படிச் செல்லும்? செல்லாது. போ, அவளை வீட்டுக்கு அனுப்பிடச் சொல்லு." ஒரே பேச்சில் உன் பண்டகசாலையை இடித்துப் போட்டுவிட்டாள். கோகிலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நேரம் நான் கணக்கில் தேடின ஓட்டை, கணக்குக்கு முன்னாலேயே இருந்ததோ என்று தோன்றியது.

அப்போதுதான் அந்தச் சபியா பேசினாள். வந்த நாளிலிருந்து நம் வீட்டில் 'டீ போதும்' என்பதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை. "என்னையும் கேட்டாங்க" என்றாள். "வக்கீலும் சாட்சியும் வந்து மூணு தடவை கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. குனிஞ்சுக்கினே இருந்தேன். சம்மதம்னு எழுதிக்கினு போய்ட்டாங்க." மைமூன் அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப உனக்கு என் புள்ளைய இஷ்டமில்லையாடி?" என்றாள். சபியா நிமிர்ந்து, "இஷ்டந்தான் மாமி. ஆனா நான் சொல்லலியே" என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் டியூப் தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு மைமூன் அக்காவே, "சரி, இப்பச் சொல்லு. இத்தனை பேரு இருக்கோம்" என்றாள். சபியா சிரித்துக்கொண்டே, "சம்மதம்" என்றாள். ஜுலைகா மாமி, "அல்ஹம்துலில்லாஹ், பிரியாணியைக் கொண்டாங்க" என்றாள். அந்தப் பெண் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இஷ்டம் இருப்பது வேறு, அதைத் தன் வாயால் சொல்வது வேறு என்று எனக்கு இந்த வயதில் அவள் காட்டிக்கொடுத்தாள்.

கடைசிப் பக்கத்தை நான் வாசித்திருக்கக் கூடாது. முத்து பாலத்துக்கு ஓடுகிறாள், சீட்டு இல்லை என்று தடுக்கிறார்கள், அவள் கைப்பிடியில் ஏறி ஆற்றில் விழுகிறாள். நீர் மூடிக்கொண்டது என்று முடித்திருக்கிறாய். யாரும் அழவில்லை தம்பி. கோபப்பட்டார்கள். "இதுக்கா பேரு வச்சோம்" என்றாள் மைமூன் அக்கா. அல்லாஹ் கொடுத்த உயிரை இப்படி முடித்துக்கொள்வதற்கு நம்மிடம் இடமில்லை என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கேள்வி வேறு. நான் திரும்ப முதல் தாளிலிருந்து புரட்டிப் பார்த்தேன். உன் கதையில் முத்து பயப்படுகிறாள், யோசிக்கிறாள், ஓடுகிறாள். ஓர் இடத்திலும் 'முடியாது' என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் இருக்கிற ஒருவனும் அவளிடம் 'உனக்குச் சம்மதமா' என்று கேட்கவில்லை. கேட்காமல் எழுதிக்கொண்டார்கள், சொல்லாமல் ஓடிப்போனாள். நடுவில் ஆறு இருந்தது, அவ்வளவுதான். அவள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடித்திருப்பார்களா? கணக்கு வாசித்தவன் வாசிப்பதை நிறுத்தியிருப்பானா? வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்? எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது, ஏனென்றால் நீ அதை எழுதிப் பார்க்கவில்லை.

எல்லாரும் போனபிறகு சாயந்தரம் அஸர் தொழுதுவிட்டுக் கடைப்பக்கம் வந்து உட்கார்ந்தேன். உன் அத்தா அந்த ஒரே டியூபைத்தான் இன்னும் மடியில் வைத்திருந்தார். "உம் புள்ள மாமன் வர்ற கப்பலை எதுக்குக் கேட்டிருக்கான்?" என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதை கதைதான், அதில் உன்னைத் தேடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும், உன் கதையில் உன்னைத் தேடவில்லை. உன் கதை கேட்கச் சொன்ன ஒரு கேள்வியை மட்டும் நம் வீட்டில் எங்கே கேட்காமல் விட்டோம் என்று தேடினேன். தேட அதிக நேரம் ஆகவில்லை.

நீ எட்டாவது முடித்த கோடை அது. அத்தாவுக்குக் கால் முறிந்து கடை பூட்டிக் கிடந்தது. உன் மாமா பினாங்கிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். அன்றைக்கு இருந்தவர்கள்: மாமா, கட்டோடு கட்டிலில் அத்தா, அப்போது உயிரோடிருந்த ஜுலைகா மாமியின் வீட்டுக்காரர், திரைக்குப் பின்னால் சர்பத் தட்டோடு நான். மாமா சொன்னார்: "பையன் படிப்பு என் பொறுப்பு மச்சான். காலேஜ் வரைக்கும் நான் பாத்துக்கறேன். முடிச்சதும் எங்கூட வரட்டும், கடைக்கு நம்பிக்கையான ஆளு வேணும். எம் பொண்ணு ரஹீமாவையும் அவனுக்கே குடுத்துடறேன்." அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜுலைகா மாமியின் வீட்டுக்காரர் துஆ ஓதினார். நான் சர்பத்தை உள்ளே நீட்டினேன், சந்தோஷத்தில் கொஞ்சம் சிந்தினேன். நீ இல்லை. நீ கெடிலம் ஆற்றில் குளிக்கப் போயிருந்தாய். தலையைத் துவட்டாமல் வந்து நின்றாய், உனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தோம். என்ன விசேஷம் என்று கேட்டாய். மாமா உன்னைப் படிக்க வைக்கிறார் என்றேன். மற்றதைப் பிறகு சொல்லலாம் என்று விட்டோம். பிறகு அது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. உன்னிடம் யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டோம்.

உன் மாமாவைப் பண்டகசாலையாக நினைத்துவிடாதே. அவர் கப்பலேறிப் போனபோது விட்டுப்போன பழைய தமிழ்ப் புத்தகத்தை வைத்துத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். ஒரு தவணையும் தவறாமல் உனக்குப் பணம் அனுப்பினார், ஒரு கடிதத்திலும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவர் பிடித்து வைக்க வந்தவர் இல்லை, பாசத்தோடு வந்தவர். பாசத்தோடு வருகிறவரிடம் கேள்வி கேட்க வெட்கமாக இருக்கும், அதனால்தான் கேட்காமல் விட்டோம். வெள்ளத்துக்குப் பிறகு படகில் அரிசி கொண்டுவந்த அன்றைக்கு உன் பண்டகசாலைக்காரர்களும் நல்ல முகத்தோடுதான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த முதல் நாளை நீ இன்னும் கொஞ்சம் விரித்து எழுதலாம். யார் எப்போது மாறினார்கள் என்று தெரிந்தால் படிக்கிறவர்களுக்கு உதவும்.

பணத்தைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். உன் மாமா இதுவரை கட்டியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வாங்கியது பணம் என்றால் திருப்பவேண்டியதும் பணம்தான், பிள்ளை இல்லை. அது எத்தனை வருஷமானாலும் என் பாடு, அத்தா பாடு. புதுச் சைக்கிள் வாங்க வைத்திருந்த எண்ணத்தை அவரே தள்ளிப்போட்டுவிட்டார். மாமா மனசு நோகும், அதை நான் மறைக்கவில்லை. என் கூடப்பிறந்தவர் என்னோடு பேசாமல் போகலாம், அதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது அவர் கப்பலேறுமுன் நோகட்டும். நிச்சயத்துக்குத் தட்டு வைத்த பிறகு நொந்தால் ரஹீமாவுக்கும் சேர்த்து நோகும். அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்பதும் எனக்குத் தெரியாது. அதையும் மாமாவுக்குத் தனியாக எழுதிக் கேட்கப் போகிறேன்.

இதையெல்லாம் எழுதியதால் நீ வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதாக நினைக்காதே. உனக்குப் பினாங்கு பார்க்க ஆசை இருக்கலாம். ரஹீமா அனுப்பிய பெருநாள் வாழ்த்தைப் புத்தகத்துக்குள் வைத்திருந்ததை நான் பார்த்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. சபியாவைப் போல இஷ்டம் இருந்து சொல்லாமல் இருக்கிறாயோ, முத்துவைப் போல இஷ்டமில்லாமல் சொல்லாமல் இருக்கிறாயோ, வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. குனிந்து பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் சலுகை நம்மிடம் கன்னிப்பெண்ணுக்குத்தான் உண்டு. மாப்பிள்ளைக்கு அது கிடையாது. அவன் சபையில் எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அதனால் உன் மௌனத்தை நான் எந்தப் பக்கமும் எழுதிக்கொள்ளப் போவதில்லை.

கதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசித் தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது இல்லாவிட்டால் நீ வேறு எழுதித்தானே ஆகவேண்டும். உன் அத்தா பார்த்துவிட்டு, "நீயும் பண்டகசாலை திறந்துட்டியா?" என்றார். அதனால் அதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, அப்படியே அச்சுக்குக் கொடுத்தாலும் நான் இன்னொரு தடவை வாசிப்பேன். ஆனால் கொடுக்குமுன், முத்துவைக் கூடத்தில் நிறுத்தி 'முடியாது' என்று ஒருமுறை சொல்லவிட்டுப் பார். அவளுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க இங்கே ஆறு பேர் காத்திருக்கிறோம்.

இப்போது நான் கேட்கிறேன். சாட்சிக்கு அத்தா பக்கத்தில் இருக்கிறார், டியூப் ஒட்டி முடித்துவிட்டார். மாமாவோடு பினாங்கு போய்க் கடையைப் பார்த்துக்கொள்ள உனக்குச் சம்மதமா? ரஹீமாவை நிக்காஹ் முடிக்கச் சம்மதமா? இரண்டும் தனித்தனிக் கேள்வி, ஒன்றுக்கு ஆம் என்றும் மற்றதற்கு இல்லை என்றும் சொல்லலாம். உன்னை அழைத்துப்போக வருவதற்கு மாமா அடுத்த மாதம் கப்பலுக்குச் சீட்டு எடுக்கிறார். அதற்கு முன்னால் அவருக்கு நான் எழுத வேண்டும். சீக்கிரம் பதில் போடு.